முதுகில் கப் ஏறும் முன்: முதல்முறை கப்பிங் செய்துகொள்பவர்களுக்கு

2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் தோளில் வட்ட வட்டமாகக் கருஞ்சிவப்புத் தடங்களோடு குளத்தில் இறங்கினார். அன்றிலிருந்து கப்பிங் என்ற சொல் தெரியாத ஆள் குறைவு. தோலில் கப்பைக் கவிழ்த்துச் சதையை மேலே இழுக்க வைக்கும் வைத்தியம் அது. ஆனால் விஷயம் புதிதல்ல. சித்த மருத்துவம் சொல்லும் 32 புற மருத்துவ முறைகளில் கொம்பு கட்டல் ஒன்று. ஆயுர்வேத நூல் எழுதிய சுசுருதர் மாட்டுக் கொம்பு, சுரைக்குடுவை, அட்டை என்று ரத்தம் வாங்க மூன்று வழிகளைச் சொல்கிறார். அரபு வழி வந்த ஹிஜாமாவும், சீன வைத்தியர்கள் மூங்கில் குழாயையும் கண்ணாடிக் குவளையையும் வைத்துச் செய்வதும் இதே குடும்பம்தான்.

எனக்கு இதில் ஒரு நிலைப்பாடு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இறுகிப்போன தசைக்குக் கப்பிங் ஒரு சுகம் தரும், சிலருக்கு வலியும் சில நாள் குறையும். அதற்கு மேல் அதன் தலையில் ஏற்றப்படுகிற எதையும் நான் நம்புவதில்லை. இந்த அளவு எதிர்பார்ப்போடு போகிறவர்களுக்குத்தான் இந்த வழிகாட்டி. சர்க்கரை நோய் போகும், ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடலாம், குழந்தை பிறக்கும் என்று யாராவது சொல்லி நீங்கள் கிளம்பியிருந்தால், கொஞ்சம் உட்கார்ந்து இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

கப் என்னதான் செய்கிறது?

மசாஜ் அழுத்துகிறது, கப் இழுக்கிறது. கப்புக்குள் காற்றழுத்தம் குறைவதால் தோலும் அதற்கு அடியிலுள்ள கொழுப்பும் தசையுறையும் மேலே எழும்பி வருகின்றன. அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது. இழுப்பு பலமாக இருந்தால் தோலுக்கு அடியிலுள்ள மயிரிழை போன்ற ரத்த நாளங்கள் சில உடைந்து, ரத்தம் திசுவுக்குள் கசிகிறது. வட்டமாகத் தெரிகிற தடம் இதுதான். மேசை முனையில் இடித்துக்கொண்டால் கன்றிப்போகுமே, அதே கன்றல். வட்டமாக இருப்பதால் மட்டும் அதற்கு ஒரு மர்மம் வந்துவிடுகிறது.

காற்றழுத்தத்தைக் குறைக்க வழிகள் பல. பழைய வழி நெருப்பு. எரியும் பஞ்சைக் கண்ணாடிக் கப்புக்குள் ஒரு கணம் காட்டி எடுத்துவிட்டுச் சட்டென்று தோலில் கவிழ்ப்பார்கள். தீ ஆக்சிஜனைத் தின்றுவிடுவதால்தான் கப் ஒட்டுகிறது என்று பள்ளிக்கூடப் பாணியில் பலர் விளக்குவதுண்டு. உண்மையில் பெரும்பங்கு சூட்டுக்குத்தான். சூடான காற்று விரிந்து வெளியேறுகிறது, உள்ளே மிஞ்சியது ஆறும்போது சுருங்கி இழுக்கிறது. கொம்பில் வேறு வழி: நுனியில் சின்னத் துளை போட்டு, வாயால் காற்றை உறிஞ்சி, துளையை மெழுகால் அடைத்துவிடுவது. ரோம் நாட்டில் முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சஸ் என்ற மருத்துவ நூலாசிரியர் இதை அப்படியே எழுதி வைத்திருக்கிறார். இப்போதைய பிளாஸ்டிக் கப்பின் தலையில் இருக்கும் வால்வும் கைப்பம்பும் அந்தக் கொம்பின் பேரப்பிள்ளைகள். சிலிக்கோன் கப்பில் பம்பும் கிடையாது, நெருப்பும் கிடையாது. அமுக்கி வைத்து விட்டால் அதுவே பிடித்துக்கொள்ளும்.

முதல்முறை என்றால் பம்ப் வைத்த கப்பையே கேளுங்கள். எத்தனை இழுப்பு என்பது கைக்கு அடங்கிய கணக்கு, வலித்தால் வால்வைத் தூக்கிச் சட்டென்று தளர்த்தலாம். நெருப்புக் கப்பில் கை தவறினால் தீக்காயம். முதுகில் எண்ணெயோ ஸ்பிரிட்டோ சொட்டியிருந்தால் இன்னும் மோசம்.

உலர்ந்ததா, ரத்தம் எடுப்பதா?

முதல் முடிவு இதுதான். உலர் கப்பிங்கில் தோலைக் கிழிப்பதில்லை; கப்பை வைத்துச் சில நிமிடம் விட்டு எடுத்துவிடுவார்கள். எண்ணெய் தடவிவிட்டு, கப் ஒட்டியிருக்கும்போதே அதை முதுகில் மேலும் கீழும் இழுத்துச் செல்வதும் உண்டு. ரத்தம் எடுக்கும் முறையில், அதாவது ஹிஜாமாவில், முதலில் கப் வைத்து எடுத்து, அந்த இடத்தில் பிளேடால் மேலாகச் சின்னச் சின்னக் கீறல்கள் போட்டு, மறுபடி கப்பை வைத்து ரத்தம் வாங்குவார்கள்.

புதிதாக வருகிறவர் உலர் கப்பிங்கில் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம் என்பேன். தோல் கிழிந்த அடுத்த நொடியே விளையாட்டின் விதி மாறிவிடுகிறது. மஞ்சள் காமாலை வரவழைக்கும் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளும் எச்ஐவியும் ரத்தம் வழியாகப் பரவுகிறவை. ஒருவருக்குப் பயன்படுத்திய கப்பைச் சரியாகக் கிருமி நீக்காமல் அடுத்தவருக்கு வைத்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அடிக்கடி ரத்தம் எடுத்துக்கொண்டு ரத்தசோகையில் போய் நின்றவர்களும் உண்டு.

கெட்ட ரத்தக் கதையையும் இங்கேயே முடித்துவிடலாம். கப்பில் கருப்பாக, கட்டி கட்டியாக வருவதைக் காட்டி, ‘பாருங்க, எவ்வளவு கழிவு’ என்பார்கள். உடைந்த நாளங்களிலிருந்து கசிந்து தேங்கிய, ஆக்சிஜன் குறைந்த ரத்தம் கருத்துத்தான் தெரியும். வெளியே வந்து சில நிமிடம் நின்ற ரத்தம் உறைந்து கட்டியாகும், அது அதன் குணம். யார் முதுகில் எடுத்தாலும் அப்படித்தான் வரும், சுத்தமான ஆள் என்று யாருக்கும் தனியாகச் செக்கச்செவேல் என்று வராது. உடம்பில் கழிவு பிரிக்கிற வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. முதுகுத் தோலில் கழிவைச் சேர்த்து வைக்கிற கிடங்கு எதுவும் கிடையாது.

போகலாமா கூடாதா என்று பார்ப்பது

இந்தப் பகுதியை மட்டும் தாவாமல் படியுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கப்பிங் பக்கம் போக வேண்டாம். ஆஸ்பிரின் தினமும் எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. கப்பிங்குக்காக அந்த மாத்திரையை நீங்களே இரண்டு நாள் நிறுத்துவது கப்பிங்கைவிடப் பெரிய ஆபத்து. ரத்தம் உறைவதில் கோளாறு, தட்டணுக் குறைவு, ரத்தசோகை இருந்தாலும் வேண்டாம்.

கர்ப்பிணிகள் தள்ளிப் போடுவது நல்லது. வயிற்றிலும் இடுப்பிலும் கண்டிப்பாகக் கூடாது. புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர்கள், காலில் ரத்தக்கட்டி இருந்தவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் மருத்துவரிடம் பேசாமல் போகக் கூடாது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்குக் கீறல் ஆறுவது தாமதமாகும், அதனால் ரத்தம் எடுக்கும் முறை அவர்களுக்கு ஏற்றதல்ல. சொரியாசிஸ், எக்ஸிமா இருந்தால் கப் வைத்த இடத்தில் அது கிளம்பக்கூடும். தழும்பு தடித்து வளரும் உடம்பு என்றால் கீறலே வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கு எந்த வகையும் வேண்டாம். அந்தத் தடத்தைப் பார்த்து, குழந்தையை யாரோ அடித்திருக்கிறார்கள் என்று மருத்துவர்கள் சந்தேகப்பட்டதும் நடந்திருக்கிறது.

வலியையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். முதுகு வலியோடு கால் மரத்துப்போகிறது, பலம் குறைகிறது, சிறுநீர், மலம் போவதில் கட்டுப்பாடு இல்லை, காய்ச்சல் அடிக்கிறது, விழுந்த பிறகு வந்த வலி, காரணமில்லாமல் எடை குறைகிறது: இதில் எது இருந்தாலும் போக வேண்டிய இடம் மருத்துவமனை. நெஞ்சில் தொடங்கி இடது தோளுக்கும் கைக்கும் பரவுகிற வலியை ‘தசைப்பிடிப்பு’ என்று நினைத்துக் கப் வைக்கப் போனால் நேரம்தான் போகும். மாரடைப்பு அப்படியும் வரும்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

படிக்கும்போது வறட்சியாக இருக்கும், ஆனால் கப்பிங்கில் நல்லது கெட்டது பெரும்பாலும் இங்கேதான் முடிவாகிறது. கப் எங்கும் ஒரே கப்தான், கை வேறு. என்ன படித்திருக்கிறார், மருத்துவ முறை எதிலாவது முறையான பட்டமும் பதிவும் இருக்கிறதா என்று கேளுங்கள். வார இறுதி வகுப்புச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதால் மட்டும் ஒன்றும் ஆகிவிடாது.

போனவுடன் உங்களிடம் எத்தனை கேள்வி கேட்கிறார் என்று கவனியுங்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், சர்க்கரை உண்டா, இதற்கு முன் மயங்கி விழுந்ததுண்டா, பெண் என்றால் கர்ப்பமா: இவை எதையும் கேட்காமல் ‘சட்டையைக் கழற்றிட்டுப் படுங்க’ என்றால், எழுந்து வாருங்கள். நான் முதல்முறை போன இடத்தில் அப்படித்தான் நடந்தது. கூச்சத்தில் ஒன்றும் சொல்லாமல் படுத்துவிட்டேன். இழுப்பு அதிகமாகி, இரண்டு இடத்தில் கொப்புளம் கிளம்பியது. கேட்டால், நீர் வெளியேறுகிறது, நல்லதுதான் என்றார்கள். நல்லதெல்லாம் இல்லை, கப்பை அளவுக்கு மீறி இழுத்தார்கள் அல்லது அதிக நேரம் விட்டார்கள் என்பதற்கான அடையாளம் அது.

ரத்தம் எடுப்பது என்று முடிவு செய்துவிட்டால் இன்னும் கறாராக இருங்கள். கையுறை புதிதாக இருக்க வேண்டும். பிளேடின் உறை உங்கள் கண்ணெதிரே கிழிபட வேண்டும். கப் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் வகையாக இருப்பதே நல்லது. கண்ணாடிக் கப் என்றால் ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கருவியில் வைத்துக் கிருமி நீக்கினார்களா என்று கேளுங்கள். ரத்தம் பட்ட கப்பை ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பது போதவே போதாது. பயன்படுத்திய பிளேடு கூர்முனைக் கழிவுக்கான தனிப் பெட்டியில் விழ வேண்டும், சாதாரணக் குப்பைக் கூடையில் அல்ல. இதையெல்லாம் கேட்டால் கோபப்படுகிறார் என்றால், பதில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைய தினம்

வெறும் வயிற்றோடு போக வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு முன் லேசாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். காய்ச்சலோ சளியோ இருந்தால் வேறு நாள் பாருங்கள். கப் வைக்கப் போகும் இடத்தில் அதே நாளில் சவரம் செய்யாதீர்கள், கண்ணுக்குத் தெரியாத வெட்டுகள் இருக்கும். தளர்வான, பழைய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் எடுக்கிறார்கள் என்றால் திரும்பி வரும்போது கூட ஓர் ஆள் இருப்பது உத்தமம்.

கப் வைக்க ஏற்றது சதை தடித்த இடம்: மேல்முதுகு, தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகெலும்பின் இருபுறமும், கீழ்முதுகு, தொடையின் வெளிப்பக்கம். முதுகெலும்பின் மேலேயே வைப்பதில் பயனில்லை, எலும்பு மேட்டில் கப் நிற்கவும் செய்யாது. கழுத்தின் முன்பக்கம், கண்ணைச் சுற்றி, மார்புக்காம்பு, புடைத்த நாளங்கள், மச்சம், புண், வெயிலில் கருகிய தோல் ஆகியவற்றைத் தொடவே கூடாது. தலையில் வைப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். உச்சந்தலையில் கப் வைத்த பிறகு மண்டையோட்டுக்குள் ரத்தக் கசிவு ஏற்பட்டதாக அரிதாகச் சில பதிவுகள் உண்டு.

முதல்நாள் நாலு கப்புக்கு மேல் வேண்டாம், ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறது என்று தெரிந்த பிறகு அடுத்த முறை பத்து நிமிடம் வரை போகலாம். முதுகு முழுக்க இருபது கப்பை அடுக்கிப் படம் எடுத்துப் போடுவதில் வைத்தியம் எதுவும் இல்லை.

கப் பிடித்ததும் முதலில் ஒரு விநோதமான இறுக்கம் தெரியும். யாரோ முதுகுச் சதையை ஐந்து விரலாலும் பிடித்துத் தூக்குவது போல. ஒரு நிமிடத்தில் பழகிவிடும். கதகதப்பு வரும், சிலருக்குத் தூக்கமும் வரும். சுருக்கென்று வலித்தாலும், எரிந்தாலும், மரத்தாலும் உடனே சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதற்குப் பரிசு எதுவும் இல்லை. கப்பை எடுக்கும்போது வால்வைத் தூக்க வேண்டும் அல்லது விளிம்பை விரலால் அமுக்கிக் காற்றை உள்ளே விட வேண்டும். பிய்த்து எடுத்தால் தோல் புண்ணாகும்.

தலை சுற்றல், வியர்வை, குமட்டல், கண் இருட்டிக்கொண்டு வருவது: இவை மயக்கத்தின் முன்னோட்டம். ரத்தத்தைப் பார்த்தாலே சிலருக்கு வரும். உட்கார்ந்திருந்தால் உடனே படுக்க வைத்து, கப்புகளை எடுத்துவிட்டு, காலைச் சற்று உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். முதல்முறை உட்கார்ந்தபடி செய்துகொள்ளாமல் குப்புறப் படுத்துச் செய்துகொள்ளச் சொல்வதும் இதனால்தான். முடிந்ததும் விருட்டென்று எழாதீர்கள். பக்கவாட்டில் திரும்பி, உட்கார்ந்து, கொஞ்ச நேரம் கழித்து எழுந்தால் போதும்.

அப்புறம் வீட்டுக்கு வந்து

உலர் கப்பிங் என்றால் பெரிய பத்தியம் ஒன்றும் இல்லை. அன்று கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதையும், நீராவிக் குளியலையும், கடும் உடற்பயிற்சியையும் தள்ளி வையுங்கள். தடத்தைத் தேய்க்க வேண்டாம். சிவப்பு, கருநீலம், பச்சை கலந்த மஞ்சள் என்று நிறம் மாறி, சில நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் மறையும். நிறத்தை வைத்து ‘உங்களுக்கு இந்த உறுப்பு பலவீனம்’ என்று சோதிடம் சொல்கிறவர்களும் உண்டு. எவ்வளவு இழுத்தார்கள், எத்தனை நிமிடம் விட்டார்கள், உங்கள் நாளங்கள் எவ்வளவு மெலிதானவை என்பதைத்தான் அந்த நிறம் சொல்லும். மாநிறத்திலும் கருப்பிலும் தடம் சற்று நீண்ட நாள் தங்கக்கூடும், திருமண வீட்டுக்கு முன் செய்துகொள்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கீறல் போட்டிருந்தால் கட்டு சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கட்டும். ஒருநாள் நனைக்காதீர்கள், குளம், நீச்சல் பக்கம் புண் முழுதாக ஆறும்வரை போகாதீர்கள். மஞ்சள் பொடி, காப்பித்தூள், சாம்பல் எதையும் அப்ப வேண்டாம். சிவப்பு பரவிக்கொண்டே போவது, சூடு, வீக்கம், சீழ், காய்ச்சல் என்று எது தெரிந்தாலும் கப் வைத்தவரிடம் ஆலோசனை கேட்டு நேரத்தைப் போக்காமல் மருத்துவரைப் பாருங்கள். இடையில் ரத்த தானம் செய்யப் போனால் ரத்தம் எடுக்கும் கப்பிங் செய்துகொண்டதை மறைக்காமல் சொல்லுங்கள். வேறு எதற்காக மருத்துவரிடம் சட்டையைக் கழற்றினாலும் அந்தத் தடம் என்ன என்று நீங்களே முதலில் சொல்லிவிட்டால், அவருக்கும் ஒரு பதற்றம் மிச்சம்.

வீட்டிலேயே சிலிக்கோன் கப் வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். உலர் கப்பிங் மட்டும் என்றால் தாராளமாக. முதலில் தொடையில், ஒரே கப், மூன்று நிமிடம் என்று பழகுங்கள். மேல்முதுகுக்கு இன்னோர் ஆள் வேண்டும், கை எட்டாமல் வளைந்து வைத்துக்கொண்டால் இருக்கிற வலியோடு புதுப் பிடிப்பும் சேரும். கப் ஒட்டியிருக்கும்போது தூங்கிவிடாமலிருக்கப் போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். சோப்புப் போட்டுக் கழுவி உலர்த்துங்கள், வீட்டு ஆட்கள் என்றாலும் ஆளுக்கொரு கப். நெருப்பும் பிளேடும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

எத்தனை முறை?

கழுத்து வலிக்கும் கீழ்முதுகு வலிக்கும் ஆய்வுகளில் கொஞ்சம் நிவாரணம் தெரிகிறது, அதுவும் குறுகிய காலத்துக்கு. ஆய்வு செய்வதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. மாத்திரைக்குப் பதில் சர்க்கரை உருண்டையைக் கொடுத்து ஏமாற்றலாம், முதுகில் கப் ஏறியதா இல்லையா என்று தெரியாமல் ஒருவரை எப்படி ஏமாற்றுவது? அதனால் கப் செய்த வேலை எவ்வளவு, நம்பிக்கை செய்த வேலை எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

ஆகவே கணக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். போவதற்கு முன் வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து மறுபடி எழுதுங்கள். பழைய தடம் மறையாமல் அதே இடத்தில் மறு கப் வேண்டாம். மூன்று முறை போயும் தாளில் எண் நகரவில்லை என்றால் நான்காவது முறைக்குப் போகாதீர்கள். பத்து அமர்வுக்கு முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்பார்கள், அந்த வலையில் முதல்நாளே விழாதீர்கள். எனக்கு எட்டிலிருந்து ஐந்துக்கு வந்தது, ஐந்து நாளில் மறுபடி ஏழு. நாற்காலியின் உயரத்தை மாற்றி, மணிக்கொரு தரம் எழுந்து நடக்க ஆரம்பித்த பிறகுதான் மூன்றுக்கு இறங்கியது. இப்போதும் எப்போதாவது தோள் இறுகினால் இரண்டு கப் வைத்துக்கொள்கிறேன், சுகமாகத்தான் இருக்கிறது.